கவிழ்த்தாலும் விழாத கூழ்

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டிலிருந்த மூன்று பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாயில் கிடந்த கைக்குழந்தை உருண்டை இரண்டு கைகளையும் இறுக மூடினாள். ஏழாவது மாதம் நடக்கிறது அவளுக்கு. முகம் சிவந்தது. ஒரு முக்கல். இன்னொரு முக்கல். பிறகு ஒரு சின்னச் சத்தம்.

வெறும் காற்று.

"ப்ச்" என்றாள் அம்மாக்காரி.

புதன்கிழமையிலிருந்து இதே கதை. தாய்ப்பால் மட்டும் குடித்தவரை கடிகாரம் மாதிரிப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. டப்பா மாவில் கூழ் கலக்கிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு எல்லாம் நின்றுபோனது. கடைசியாக வந்தவை கருத்த கூழாங்கற்கள். அதற்கே ஊரைக் கூட்டி அழுதாள்.

"கூழ் மேல பழி போடாதே. நீ வேலைக்குப் போன நாள்லேருந்துதான் இப்படி" என்றாள் நாத்தனார். தம்பி வீட்டில் ஒத்தாசைக்கு என்று வந்து, உபதேசத்தில் இறங்கியிருந்தாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லலை, அண்ணி."

"டாக்டரா ராத்திரி பகலா தூக்கி வச்சிருக்கு?"

அவளை அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தி உள்ளேயே நின்றது. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கிற வேலை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கார்" என்று ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். யார் யாரையோ வெளியே கொண்டுவந்தாயிற்று. சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஒன்றும் நகரவில்லை.

"நாளைக்குக் காலைக்குள்ள வரலேன்னா வேலையை விட்டுடறேன்" என்றாள்.

கணவன் நிமிர்ந்து பார்த்தான். "பிடிச்சிருக்குன்னு சொன்னியே."

"பிடிச்சிருக்கு. அதுக்கு?"

அவன் சுவர்ப் பூச்சு வேலைக்காரன். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் ரசமட்டம். சுவர் நேரா என்று பார்க்கும் அந்தக் கருவியில் குமிழி ஒரு நூல் நகர்ந்தாலும் பூசினதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவான். மழைக்காலம், பூச்சு காயாது என்று வேலை நின்றிருந்தது. அவள் ஆபீஸ் போக, பகல் சாப்பாடு ஊட்டுவது அவன் பொறுப்பு. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊட்டுகிறான் என்று அவளுக்கே பெருமைதான்.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமையே தெளிவாகச் சொல்லியிருந்தார். கூழைத் தளர்வாகக் கொடுங்கள். பேரிக்காயை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். இடையில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர். கால்களைப் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெல்லச் சுற்றுங்கள். சோப்பு, விளக்கெண்ணெய் என்று கைவைத்தியம் எதுவும் கூடாது. வாந்தியோ ரத்தமோ வந்தால், வயிறு பலூனாக உப்பினால் உடனே ஓடிவாருங்கள்.

அவள் காலையும் மாலையும் அத்தனையும் செய்தாள். தண்ணீர் கொடுத்தாள். பேரிக்காய் மசித்தாள். அந்தக் குட்டிக் கால்கள் மிதித்த மிதிக்கு ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கலாம்.

பலன்? பூஜ்யம்.

எங்கே தப்பு?

விடை அன்று மதியம் சமையலறையில் கிடைத்தது. துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றாள். கணவன் கிண்ணத்தில் பேரிக்காய் மசியலைப் போட்டான். சரி. கூழ் மாவைப் போட்டான். சரி. ஸ்பூனால் அழுத்திக் குழைத்தான். இன்னும் மாவு. மறுபடி குழைத்தான். விளிம்பில் ஒட்டியதை வழித்து நடுவில் சேர்த்தான். இன்னும் கொஞ்சம் மாவு.

பிறகு கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

ஒன்றும் விழவில்லை.

அவளைப் பார்த்துப் புன்னகை வேறு. "பார்த்தியா? இதான் பதம்."

"தினமும் இப்படித்தான் கலக்கறீங்களா?"

"பின்னே? கலவை கவுத்தா விழக் கூடாது. விழுந்தா நிக்காது."

"தளர்வாக் குடுங்கன்னு சொன்னேனே."

"தளர்வாத்தானே இருக்கு. வேலைக்கு இதைவிட இறுக்கமாப் போடுவோம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "என்னங்க, இவ சுவரில்லை."

கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "தம்பி, பிள்ளைக்குச் சிமெண்டா ஊட்டினே?"

"நீ சும்மா இரு அக்கா."

அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி, ஸ்பூனிலிருந்து தானாக வழிகிற வரை கரைத்தாள். அவன் முகம் போன போக்கு, கட்டின வீட்டை இடிப்பதைப் பார்ப்பவன் மாதிரி இருந்தது. உருண்டை குடித்தாள். பாதி வாயில், மீதி கழுத்தில்.

வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். காலைச் சுற்றினார்கள். சாயங்காலம் ஆனது. ஒன்றுமில்லை.

திங்கள் காலை. மறுபடி முக்கல், மறுபடி காற்று. அவள் போனை எடுத்து, மேலதிகாரிக்கு 'இனி வேலைக்கு வர இயலாது' என்று தட்ட ஆரம்பித்தாள்.

"அனுப்பாதே" என்றான் கணவன். "கெடுத்தது என் கை. சரி பண்றதும் என் கையாவே இருக்கட்டும். ஒரே ஒரு நாள் குடு."

"மறுபடி கவுத்துப் பார்ப்பீங்க."

"பார்க்க மாட்டேன்."

அவள் எதிரிலேயே கலக்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினான். ஸ்பூனைச் சாய்த்தான். வழிந்தது. அவன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

சரி, போகலாம் என்று அவள் பையை எடுத்தபோது, குளியலறையில் கத்தியால் எதையோ சீவும் சத்தம். எட்டிப் பார்த்தாள். நாத்தனார் சோப்பைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்ன இது?"

"ஒண்ணுமில்லே. சின்னதா ஒரு துண்டு. பின்னாடி வச்சா..."

"வேணாம்னு டாக்டர் சொல்லியாச்சு. எரியும், புண்ணாகும்."

"நீ போனப்புறம் அழுதா நான் என்ன பண்றது?"

அவள் சோப்பையும் சீவலையும் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஆபீஸில் அவள் கை வேலையில் இருந்தது, காது வீட்டில். மதியத்துக்கு முன்னால் ஒரு பெரியவர், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்தினார்.

"பதறாதீங்க ஐயா. ஆள் வந்துட்டிருக்கார்."

மேஜையில் அவள் போன் அதிர்ந்தது. கணவன். பேச்சு நடுவில் எடுக்கக் கூடாது என்பது விதி. நின்றது. மறுபடி அதிர்ந்தது. வாந்தியா? ரத்தமா? குரலை மட்டும் அதே பதத்தில் வைத்துக்கொண்டாள். "மெல்ல மூச்சு விடுங்க ஐயா." பெரியவர் வெளியே வந்து, நன்றி சொல்லாமல் வைத்தார்.

அவள் நடைபாதைக்கு ஓடினாள். "என்ன ஆச்சு?"

"வந்துடுச்சு" என்றான் அவன். "முதல்ல கல்லு மாதிரி ஒண்ணு. அழுதா. அப்புறம் விடாம... துணி, பாய், என் சட்டை எல்லாம் போச்சு. சுவத்துலகூடப் பட்டுடுச்சு."

"ரத்தம் ஏதாவது?"

"பார்த்தேன். இல்லை. சிரிக்கிறா இப்ப."

அவள் சுவரில் சாய்ந்தாள். காத்துக் கிடந்தது இவள். காட்சி கொடுத்தது அப்பாவுக்கு. ஆத்திரமாகத்தான் வந்தது. இருந்தாலும் போனில் பாதியில் நின்றிருந்த அந்தச் செய்தியைத் தேடி அழித்தாள்.

"இரு, அக்கா ஏதோ கேட்குது" என்றான் அவன்.

பின்னால் நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "ரெண்டு பேர் கையும் இந்த லட்சணத்துல இருக்கு. வீட்டுல இருந்த ஒரே சோப்பை உன் பொண்டாட்டி எங்கடா வச்சா?"