ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

நிரஞ்சலா சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு யாரும் என்னைத் தூக்க வேணாம்ங்க" என்றாள்.

லிங்கம் அப்போதுதான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சக்கரத்தைப் பிடிக்கக் குனிந்திருந்தார். நல்ல மனிதர். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தின் நலன்புரிச் சங்கத் தலைவர். மேட்டிலிருக்கும் மண்டபத்துக்கு அவளைப் படியேற்ற வேண்டுமென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். பின்னால் பையன்கள் பிடிப்பார்கள். அவர்களில் ஒருவன் தவறாமல் "அரோகரா" போடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அவள் திருவிழாச் சாமி மாதிரி ஆடி ஆடி மேலே போவாள். சாமிக்காவது வருசத்துக்கு ஒருதரம். இவளுக்கு மாதாமாதம்.

இன்றைக்கு விசயம் வேறு. பிரதேச சபை கொடுத்த சீமெந்தும் மணலும் வந்து இறங்கியிருந்தன. தோட்ட வாசலில் அலங்கார வளைவு கட்டுவதா, மண்டபத்துக்குப் படியில்லாமல் ஏறச் சாய்பாதை போடுவதா என்று கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். இரண்டுக்கும் போதாது. சாய்பாதை கேட்டது நிரஞ்சலாவின் குழு. நடக்க முடியாதவர்கள், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள் என்று எல்லாரும் இளசுகள். தோட்ட மருந்தகத்தின் கதவைச் சண்டைபோட்டு அகலமாக்கியது அவர்கள்தான். பசறை பஸ்காரர்களுக்கு நின்று ஏற்றப் பழக்கியதும் அவர்கள்தான். சாய்பாதைக்காகப் பேசப் போகிறவளே ஆட்கள் தூக்கி மேலே போனால், "அதான் நாங்க தூக்குறோமே" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னா புள்ள, கோவமா?" லிங்கத்துக்கு முகம் வாடிவிட்டது.

"கோவமில்லண்ணே. கூட்டத்தைக் கீழ வைங்க."

மண்டபத்தில் கதிரை போட்டாயிற்று, தேத்தண்ணியும் ஊற்றியாயிற்று, முடிவை நானே வந்து சொல்கிறேன் என்று ஏதேதோ சமாதானம் சொன்னார். படியில் நின்ற ஒருவன், அரைப்பேருக்காக முழுக் கூட்டத்தையும் இறக்குவதா என்றான். நிறை குறைந்த கொழுந்துக்குப் பாதி நாள் மட்டும் பதிவதுதான் அரைப்பேர். இவர்களையும் தோட்டம் அப்படித்தான் கூப்பிடும், அதுவும் செல்லமாக. கூப்பிடுகிறவர்களுக்குச் செல்லம், கேட்கிறவளுக்குச் சுருக்கென்றது. எல்லாரும் மேலே போனார்கள். அவளும், அவளோடு தங்கிவிட்ட அவள் குழுவின் பார்வையில்லாத இந்திரஜித்தும் கீழே பெரட்டுக்களத்தில் நின்றார்கள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் இடம் அது. கூப்பிடுவதற்கென்று மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இந்திரஜித் வெள்ளைப் பிரம்பால் தரையைத் தட்டித் தட்டி அதனடியில் போய் நின்றான். மேலே மைக்கில் லிங்கத்தின் குரல் கேட்டதும் அவனுக்குக் குறும்பு தலைக்கேறியது. இரும்புக்கம்பியை எடுத்துப் பலங்கொண்ட மட்டும் அடித்தான். மண்டபத்திலிருந்து யாராவது எட்டிப் பார்க்கட்டும் என்றுதான்.

எட்டிப் பார்ப்பதாவது! ஞாயிற்றுக்கிழமை பெரட்டு அடித்தால் அன்றைக்கே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கலாம் என்று அர்த்தம். மண்டபத்துப் பெண்கள் தேத்தண்ணியைப் போட்டது போட்டபடி வைத்துவிட்டுப் படியில் இறங்கி ஓடிவந்தார்கள். லயத்து வீடுகளிலிருந்து கூடையும் மட்டக்கம்புமாக இன்னொரு கூட்டம் வந்தது, வேலைக்குப் போகாதவர்களும் என்னவென்று பார்க்கப் பின்னால் வந்தார்கள். செடியின் மட்டம் பார்த்துக் கிள்ளுவதற்கான அந்தக் கம்பில்லாமல் கொழுந்துக்குப் போகிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. கடைசியில் வெறும் மண்டபத்தை விட்டு லிங்கமும் மூச்சிரைக்க இறங்கினார்.

எந்த மலையில் வேலை, பேர் பதிகிற கணக்கப்பிள்ளை எங்கே என்று ஒரே சத்தம். இந்திரஜித் கம்பியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிட்டால் இன்னொரு கூட்டம் கிடைக்காது என்று குரலை உயர்த்தினாள். வேலை இல்லை, மன்னிச்சுக்குங்க, ஒரே ஒரு கேள்வி என்றாள்.

"அந்த மண்டபத்துக்கு இந்த வருசம் ஏறாதவங்க கையத் தூக்குங்க."

 முதலில், முட்டி தேய்ந்த லெட்சுமி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கை தூக்கினாள். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி. அப்புறம் கர்ப்பிணி, நெஞ்சுவலிக்காரர், கால் முறிந்து கட்டுப்போட்ட மரம்வெட்டுகிற ஆள் என்று பெரட்டுக்களம் முழுக்கக் கைகள். லெட்சுமி திரும்பிப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, அப்ப நாம அம்புட்டுப் பேரும் அரைப்பேருதானா?" என்றாள். சிரிப்பில் களமே குலுங்கியது. அரைப்பேர் என்று சொன்னவன் மட்டும் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லிங்கம் தோட்ட வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் வளைவு கட்டி, பஸ்ஸில் வருகிறவர்கள் பார்க்கப் பெரிய எழுத்தில் தோட்டத்தின் பெயரைப் போட வேண்டுமென்று எத்தனையோ காலமாக ஆசைப்பட்ட மனிதர். பாவம்தான்.

அந்தப் பாதை எதுவழியாக வருமாம் என்று லெட்சுமி கேட்டாள். நிரஞ்சலா கைகாட்ட, லெட்சுமி தன் மட்டக்கம்பைப் புல்லில் கிடத்தினாள். அதன் நுனியில் இன்னொருத்தி தன்னுடையதை வைத்தாள். இந்திரஜித் முன்னால் நடந்து பிரம்பாலும் பாதத்தாலும் சரிவைப் பார்த்து, இங்கே நெட்டுக்குத்தாக இருக்கிறது, இன்னும் வளையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். கம்புகள் மேட்டில் இப்படியும் அப்படியுமாக வளைந்து ஏறின. நிரஞ்சலா பிரேக்கை எடுத்துவிட்டு அதனோரமாகச் சக்கரத்தைத் தள்ளினாள். புல்லில் குலுங்கினாலும் முதல் திருப்பம்வரை தானே போய்விட்டாள். கை வலித்தது, சந்தோசமாக இருந்தது.

மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே கம்புகள் தீர்ந்துபோயின. அதற்கு மேலே, பாதை வரவேண்டிய இடத்தில், லிங்கத்தின் போஞ்சிப் பாத்தி. கொடி ஏறிப் பூவும் பிஞ்சுமாக நின்றது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"இம்புட்டு வளையணுமா புள்ள?"

"இன்னுங் கொஞ்சம்ணே."

லிங்கம் பாத்திக்குள் இறங்கினார். ஒரு போஞ்சிக் கம்பைக் கொடியோடும் பூவோடும் பிடுங்கி, கடைசி மட்டக்கம்பின் நுனியில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு அடுத்த கம்பை ஆட்டிப் பார்த்தார்.