பூவாடைப் பெட்டி

பட்டாளத்துக்கு நிலம் வேண்டும் என்று ஆவடி அருகே ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். பங்குனி மாதம், வேம்பு பூத்திருந்தது. வண்டி ஒன்றுதான். எல்லம்மா வேண்டாததையெல்லாம் ஒதுக்கினாள். கணவன் ஜம்புலிங்கத்தின் முதல் மனைவி முத்தம்மாள் சுமங்கலியாகச் செத்தவள். அவள் சேலையை வைத்துக் கும்பிடும் பூவாடைப் பெட்டியையும் ஒதுக்கினாள்.

"பொட்டிய உட்டுட்டா வர்ற? கொயந்த கீற ஊடுடி," என்றான் ஜம்புலிங்கம்.

"செத்தவ சேலைக்கு எடம் குடுத்துட்டு என் பித்தள அண்டாவ தலையில தூக்கினு வரவா?"

வானகரம் சேர்ந்ததும் குழந்தை அழத் தொடங்கியது. பால் குடிக்கவில்லை. விடிவதற்குள் குரலே தேய்ந்துபோயிற்று. எல்லம்மா அண்டாவை இறக்கிப் போட்டுவிட்டு, குழந்தையோடு வண்டியில் ஏறினாள்.

"திருப்புயா," என்றாள்.

காலி வீட்டு வாசலில் ஈரம் காயாத கோலம் இருந்தது. உள்ளே உத்தரத்தில் முத்தம்மாளின் சேலை தூளியாகக் கட்டப்பட்டு, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, அதை நோக்கிக் கைகளை நீட்டியது.

எல்லம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, வண்டியில எடம் கீது. நீயும் வா."

தூளி நின்றது.