பழைய எண் 14, புதிய எண் 31

என் தூக்கம் பதினொரு நாட்களாக வேதநாயகம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீடு பழைய எண் 14, புதிய எண் 31. அவர் வீடு பதினேழு வீடு தள்ளி, புதிய எண் 14. சிலிண்டர், கூரியர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே அங்கே போய்விட்டுத்தான் என்னிடம் வரும். நல்ல மனிதர், கொடுத்தனுப்பிவிடுவார். தூக்கத்தை மட்டும் பயன்படுத்திவிடுகிறார்.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். நேற்று ஒரு குழந்தையின் காய்ச்சல் மருந்துக்குப் பதிலாக யாரோ ஒரு பெரியவரின் ரத்த அழுத்த மாத்திரையைக் கட்டிக் கொடுத்தேன். குழந்தையின் அம்மா கவனித்துவிட்டாள். நாளை மறுநாள் காலைக்குள் தூங்கிவிட்டு வா, இல்லையென்றால் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்று காலையிலேயே தூக்க வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். ஆறாம் கவுன்ட்டர் வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க வராந்தா நீண்டது. களைத்தவர்கள் வந்தால் இப்படித்தான் என்றார் பியூன். சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பரிமளம் பதிவேட்டைத் திறந்தாள்.

“டெய்லி எட்டு மணி நேரம் போகுதே மேடம். கெட்டித் தூக்கம். கையெழுத்துகூட இருக்கு.”

வேதநாயகத்தின் கையெழுத்து. பாதியில் சரிந்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

நான் தூங்கவில்லை என்றேன். இரவு முழுக்க நான் விழித்திருந்ததைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றாள். அந்த இருவரும் தூங்கியிருக்க வேண்டுமாம். விழித்திருந்தால் அவர்களும் மனுதாரர்கள், சாட்சி சொல்ல முடியாது.

“தூங்குறவங்க என்னை எப்படிங்க பார்ப்பாங்க?”

“அதை நாங்க கேக்கறதில்ல மேடம்.”

கவுன்ட்டர் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுக்கே பாவமாகிவிட்டது. வேதநாயகத்திடம் நேரில் பெற்றுக்கொள்ள ஒரு மீட்பு ஆணை எழுதினாள். அதுவரை வைத்துக்கொள்ள ஸ்டாக்கிலிருந்து பத்து நிமிடத் துண்டுகள் மூன்று கொடுத்தாள்.

பஸ்ஸில் மூன்றையும் தூங்கிப் பார்த்தேன். யாரோ பயன்படுத்திய சரக்கு. ஒன்றில் இருமல், ஒன்றில் நாய் குரைப்பு. மூன்றாவதில் என் பெயர் தெரியாத ஒருவர் என்னை எழுப்பிக்கொண்டே இருந்தார். இறங்கும்போது ஏறியதைவிடக் களைப்பாக இருந்தேன்.

மதியம் மூன்று மணி. வேதநாயகம் ஹாலில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பார்த்ததுமே தெரிந்தது, அது என் தூக்கம்தான். என்னைப் போலவே இடது காலை மடக்கியிருந்தார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு,” என்று முனகினார். நான் கடையில் சொல்வது.

அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ஆணையை இரண்டு முறை படித்தாள்.

“தாராளமா எடுத்துக்கோங்கக்கா. எழுப்ப மட்டும் எழுப்பாதீங்க. நடுவுல எழுப்பினா கெடப்போறது உங்க தூக்கம்தான்.”

எப்போது முடியும் என்று கேட்டேன். என்னுடையது முடிந்த கையோடு அவருடையது ஆரம்பிக்கும் என்றாள்.

அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கொசு வந்தது. என் தூக்கம் ஆயிற்றே, பேட்டால் அடித்தேன். வெளியே பழைய பேப்பர்க்காரர் கத்தினார். போய் அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். வந்து ஃபேனை ஒரு நம்பர் கூட்டி வைத்தேன்.

வேதநாயகம் புரண்டு படுத்தார்.

“குழந்தைக்கு அஞ்சு எம்.எல்., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. குலுக்கிட்டுக் கொடுங்க.”

அளவு சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஃப்ளாரன்ஸ் உதட்டில் விரலை வைத்து, சத்தம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள்.