நடுப் பெடல்

நாலாவது சக்கரத்தையும் மாட்டி ஜாக்கியை இறக்கியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பழைய காரின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. கட்டை தேயவில்லை, கம்பி தளரவில்லை. தன் கைவேலையில்தான் குற்றமோ என்று பத்து நாளாக நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டிருந்த கல் நகர்ந்தது. அதற்குள் மேனேஜர் ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"பிரேக்கக்கா, இதுல ஒரு கையெழுத்து போடு."

முதலாளி சேர்த்து வைத்திருக்கும் பழங்கார்கள் எல்லாவற்றுக்கும் பிரேக் பார்ப்பவள் அவள். பேரே அப்படி ஆகிவிட்டது. பத்து நாளைக்கு முன் முதலாளியின் மகன் சின்னவர், நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு இந்தக் காரை எடுத்தார். கேட்டைத் திறக்க நின்ற வாட்ச்மேனைத் தூணோடு வைத்து இடித்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

தாளிலும் அதுதான் இருந்தது. பிரேக்கைச் சரிவரப் பார்க்காதது அவள் தவறு.

"போட்டுட்டீன்னா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

போட்டுவிடலாம். இன்னொரு பட்டறையில் ஒரு பொம்பளையைக் காருக்கு அடியில் விடுவார்களா? ஆனால் வாட்ச்மேன் நொண்டி நடக்கும் ஒவ்வொரு தடவையும், தான்தான் ஒடித்தோம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நம்பத் தொடங்கிவிடுவாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சார், சின்னவரோட கார்ல செத்த ஏறி உக்காருங்களேன்."

சின்னவர் தினமும் ஓட்டும் குட்டிக் கார், சோப்புப் பெட்டி மாதிரி பக்கத்திலேயே நின்றது. மேனேஜர் சிரித்தபடி ஏறினார்.

"பிரேக் எங்க இருக்கு?"

"நடுவுல. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இப்ப இந்தக் கிழவன்ல ஏறுங்க."

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். கியர் விழவில்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தாள்.

"பிரேக்க மிதிங்க, சார்."

மேனேஜரின் கால் தானாக நடுவுக்குப் போனது. தகரக் கூரை அதிர இன்ஜின் அலறியது. பதறிப்போய் அவர் இன்னும் பலமாக மிதித்தார். அவள் கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தாள்.

"நடுவுல இருக்கறது ஆக்சிலேட்டர். பிரேக் வலது ஓரத்துல. அந்தக் காலத்துக் கார்ல சிலது அப்படித்தான். மொத நாளே சின்னவர்கிட்ட சொன்னேன். 'எனக்கே பாடம் எடுக்கறியா'ன்னாரு."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, தெரிஞ்சிருச்சு. யாரு போயி பெரியவர்கிட்ட சொல்றது? நீயா, நானா?"

"தாளக் குடுங்க."

வாங்கித் திருப்பினாள். கிரீஸ் விரலால் மூன்று கட்டம் போட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி ஒவ்வொன்றிலும் எழுதினாள்: கிளட்ச், ஆக்சிலேட்டர், பிரேக். கீழே, பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரி முழுக் கையெழுத்து.

"கேட்டீங்கல்ல, போட்டாச்சு. பெரியவர்கிட்ட குடுங்க."

மத்தியானத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். சொந்த ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். இடிபட்ட தூணைப் பூசி, வெள்ளையடித்து, புது விளக்கும் வைத்தாகிவிட்டது. அதன் அடியில் ஸ்டூலில் வாட்ச்மேன். லீவு கிடையாது என்று நேற்றே வரச் சொல்லிவிட்டார்கள். மாவுக்கட்டு அழுக்கேறியிருந்தது.

"என்னால உன் பொழப்பு போச்சே, தங்கச்சி."

"உங்க கால நீங்களா ஒடச்சுக்கிட்டீங்க? சும்மா இருங்கண்ணே."

பின்னால் ஹாரன். குட்டிக் காரில் சின்னவர். வாட்ச்மேன் பதறிப்போய் ஊன்றுகோலைத் தேடினார். அவள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பெட்டியைக் கேட்டுக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"எந்திரிக்காதீங்க. அவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு. எறங்கி வந்து தொறக்கட்டும்."

ஹாரன் நீளமாக அடித்தது. அவள் நகரவில்லை. வாட்ச்மேன் உட்கார்ந்தேதான் இருந்தார். கை மட்டும் ஊன்றுகோலை விடவில்லை.