பார்த்து வரைந்த முகம்

ஓவியருக்குப் பார்க்காமல் வரைய வராது. இதை அவர் ஒரு கொள்கை மாதிரி சொல்லிக்கொள்வார். உண்மையில் அது வெறும் கையாலாகாத்தனம். பாடநூல் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை. கரடி வரையச் சொன்னால் மிருகக்காட்சி சாலைக்குப் போவார். அது மூடியிருந்தால், மேலாளர் குனிந்து கோப்பு தேடும்போது பின்னாலிருந்து பார்த்து வரைந்து காது ஒட்டிவிடுவார். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வருடம் இரண்டாம் வகுப்பு வாசிப்பு நூலில் ஒரு பாடம் புதிதாகச் சேர்ந்தது. தலைப்பு, 'அக்கரைக்காரனை அறிந்துகொள்.' ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து குடியேறியவர்களைப் பற்றியது. அவர்கள் கிணற்றில் நஞ்சு கலப்பார்கள், பொய் அடையாளச் சீட்டு வைத்திருப்பார்கள், சிரித்துப் பேசிக் கழுத்தறுப்பார்கள் என்று பன்னிரண்டு வரி. கூடவே படத்துக்கு ஒரு குறிப்பு: 'பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும்.'

ஓவியர் இரண்டு நாள் அக்கரைக்காரர்களின் கடைத்தெருவில் பென்சிலோடு அலைந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற மாதிரி ஒருத்தரும் அகப்படவில்லை. ஒருவர் தன் சித்தப்பா மாதிரி இருந்தார். இன்னொருவர் அச்சு அசல் மேலாளரேதான். இந்த இடத்திலாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படம் கிடைக்கவில்லையே என்ற கவலையோடு வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தார். மனைவியின் அண்ணன், பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கி விழுந்து வளைந்த மூக்கு, இடது கன்னத்தில் மிளகு போல ஒரு மச்சம், தலையை விட்டு ஓடப்போகிற மாதிரி இரண்டு காது. சாப்பிட்ட கையோடு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கினார். ஓவியர் பென்சிலை எடுத்தார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

புத்தகம் அச்சாகி வந்த அன்று வீடே சிரித்தது. மச்சான்தான் ரொம்பச் சிரித்தார்.

"ஏன் மாப்ளே, என் தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்தேனே, அதுக்கு இதான் கைமாறா?"

"உங்க அழகை நாலு பேர் பாக்க வேணாமா மச்சான்?"

"நாலு பேரா? நாலு லட்சம் பேருடா! மச்சத்தையாவது விட்டிருக்கலாம்."

"அதை விட்டா அப்புறம் உங்ககிட்ட என்னதான் இருக்கு?"

"ரெண்டு பேருக்கும் வேற வேலையில்ல," என்றாள் மனைவி. அவளும் புத்தகத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

அவர்கள் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பன்னிரண்டு வரியை எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு பயிற்சி: படத்தைப் பார்த்து மூன்று அடையாளம் எழுதுக. மகள் மூக்கு, மச்சம், காது என்று எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினாள். முதல் வாரம் மாமா வந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது மாதம் சிரிப்பு நின்றது. மூன்றாவது மாதம் மாமா குடித்த டம்ளரைத் தொட மாட்டேன் என்றாள்.

"அடியே, அது உங்க மாமாடி. அப்பா சும்மா விளையாட்டுக்கு வரைஞ்சது," என்றார் ஓவியர்.

"அப்பா பார்த்துத்தானே வரைவீங்க?" என்றாள் மகள். "இல்லாததை வரைய வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

 பிள்ளை புத்திசாலி என்று ஓவியர் மனைவியிடம் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

அதற்குள் அக்கரைக்காரர்களின் பெயர்களைப் பதிவு செய்தார்கள். கடைத்தெரு காலியானது. ஊருக்கு வெளியே அவர்களுக்கு வேறு இடம் தருகிறார்களாம் என்று சொன்னார்கள். ரயில் நிலையக் கிடங்கிலிருந்து அவர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றுவதை ஓவியர் பஸ்ஸிலிருந்து பார்த்தார். போகிற இடத்தில் வீடு இருக்கும் என்றுதான் நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. போன ரயில்கள் மறுநாளே காலியாகத் திரும்பி வந்ததையும் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று மட்டும் அவர் கணக்குப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விடுகிற நேரத்தில், மச்சானின் பஸ்ஸில் ஏறிய முப்பது பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்துவைத்து அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி கத்தினாள். பிறகு எல்லாரும் கத்தினார்கள். அடுத்த நிறுத்தத்தில் காவலர்கள் ஏறினார்கள். மச்சான் அடையாளச் சீட்டைக் காட்டினார். அதில் அக்கரை என்ற பேச்சே இல்லை. பொய்ச் சீட்டு வைத்திருப்பார்கள் என்றுதான் பாடத்திலேயே இருக்கிறதே. அவரைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலை ரயில்.

ஓவியர் விடிந்ததும் கிடங்கு அதிகாரி முன் நின்றார். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார்.

"சார், அவர் என் மச்சான். என் பொண்டாட்டியோட கூடப்பொறந்த அண்ணன். அவரைப் பாத்துத்தான் அந்தப் படத்தை நான் வரைஞ்சேன்."

"அப்போ படம் தப்புங்கறீங்க?"

"ஆமா சார்."

"நாலு லட்சம் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிட்டாங்க. படம் தப்புன்னா பாடமும் தப்போன்னு நினைச்சுக்குவாங்க. அதுக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

 அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை எழுதமாட்டேன் என்ற தமிழாசிரியரின் காலி நாற்காலியில்தான் இப்போது ஓவியர் கோட்டைத் தொங்கவிடுகிறார்.

"பயப்படாதீங்க," என்றார் அதிகாரி. "அடுத்த மாசம் மறுபதிப்பு வருது. வேற முகம் போட்டுக் குடுங்க, பழசைத் திரும்ப வாங்கிக்கலாம். உங்க மச்சானைக் கூட்டிட்டுப் போங்க. பாத்துத்தான் வரைவீங்களாமே? உள்ள ஆளா இல்ல?"

ஒரு காவலர் போய்க் கைக்குக் கிடைத்தவரை அழைத்து வந்தார். வந்தவர் அக்கரைக்காரர்களின் கடைத்தெருவில் இருந்த மருந்துக் கடைக்காரர். மகள் காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு விடுமுறை நாளில், பூட்டிய கடையைத் திறந்து மருந்து கலக்கிக் கொடுத்தவர்.

"அட, தம்பியா! பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

அவர் பென்சிலையும் தாளையும் பார்த்தார். "என்ன, படம் வரையறீங்களா? எங்களை வெளிய விடற கார்டுக்கா?"

அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். பதில் சொல்லும் வேலை ஓவியருக்கு வந்தது.

"ஆமாங்க," என்றார்.

மருந்துக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். மேஜையிலிருந்த டம்ளர் தண்ணீரில் நனைத்துத் தலையை வாரினார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கை நடுங்கும் என்று ஓவியர் எதிர்பார்த்தார். நடுங்கினால் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. நடுங்கவில்லை. பல வருடத்தில் அவர் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

கடைக்காரரை உள்ளே அனுப்பிய பிறகு அதிகாரி தாளைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணு ரொம்ப நல்லவிதமா இருக்கே. கொஞ்சம் இடுக்கிடுங்க."

ஓவியர் இடுக்கினார்.

விடுதலைத் தாளில் முத்திரை விழ ஒரு மணி நேரம் ஆனது. மச்சான் வெளியே வந்தார். ஒருநாள் தாடி, சட்டையில் ஒரு பக்கம் கிழிசல். ஓவியர் ஏதாவது கிண்டலாகச் சொல்லலாமா என்று பார்த்தார்.  இருவரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார்கள்.

"மாப்ளே."

"ம்."

"மருந்துக் கடைக்காரரை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

ஓவியர் நடையை எட்டிப் போட்டார்.

"திரும்பி வந்து எல்லார்கிட்டயும் சொன்னாரு. வெளிய விடற கார்டுக்குப் படம் வரையறாங்க, நமக்குத் தெரிஞ்ச தம்பிதான் வரையுது, பயப்படாதீங்கன்னு. அவர் சீப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. கை மாத்திக் கை மாத்தி வாரிக்கிட்டாங்க. பொம்பளைங்க பிள்ளைங்களுக்கு மூஞ்சி துடைச்சு விட்டாங்க. நான் வரும்போது கதவு வரைக்கும் வரிசை கட்டி நிக்கறாங்க, மாப்ளே. எப்ப கூப்பிடுவாங்கன்னு என்னைத்தான் கேட்டாங்க."