சென்னகிருஷ்ணனுக்கு ஒரு பாட்டில்

1

இந்தக் கதை பழிவாங்குவதற்காகத் தொடங்கப்பட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது தர்மம், நியாயம் என்று தட்டுப்பட்டால் அது என் உத்தேசம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாம்பழ சீசனில் எனக்கு வயிறு கெட்டது. (எழுத்தாளன் வயிறு கெடுவது இலக்கியச் செய்தி அல்ல என்று பத்திராதிபர் இந்த இடத்தில் அடிக்கக்கூடும். அடிக்கட்டும்.) கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் ஜெபசீலி என்று ஒருவர், திருநெல்வேலிச் சீமைக்காரர். நாக்கை நீட்டச் சொன்னார். கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லி, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"சலைன் பாட்டில் ஏத்த வேண்டாமா?" என்றேன்.

"எதுக்கு?"

"நான் கதை எழுதுகிறவன்."

"வாயால குடிக்க முடியுதுல்லா? அப்போ வாயாலயே குடிங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

அன்று மாலையே காகிதத்தை எடுத்துவிட்டேன். கல்நெஞ்சுக்கார லேடி டாக்டர் ஒருத்தி ஒரு பெரிய மனிதருக்குப் பாட்டில் ஏற்ற மறுக்கிறாள். மனிதர் சாகக் கிடக்கிறார். பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கும் ஒரு டாக்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு உயிர்ப்பிச்சை தருகிறார். தலைப்பு 'அமுதத் துளி'. சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு ஜுரமும் இருந்தது.

2

முதல் தொடக்கம்: "சொட்... சொட்... சொட்... காலம் என்னும் கண்ணாடிக் குடுவையிலிருந்து உயிர் சொட்டிக்கொண்டிருந்தது." இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது, முகம்.

இரண்டாவது: "உத்தனப்பள்ளி சென்னகிருஷ்ணன் வருகிறார் என்றால் ராயக்கோட்டை ரோட்டில் எருமைகூட ஒதுங்கி நிற்கும், ஏனென்றால்" — ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது: "சென்னகிருஷ்ணனுக்குக் கால் வீங்கியிருந்தது." இது நின்றது. ஏன் கால் வீக்கம் என்றால், கிணறும் புளியந்தோப்பும் உள்ள மனிதருக்கு என்னுடைய வியாதியைக் கொடுக்க மனம் வரவில்லை. அதோடு மூச்சு வாங்கட்டும், மல்லாந்து படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். பார்க்கப் பெரிதாக இருக்கும்.

இப்போது ஒரு சந்தேகம் வந்தது. இப்படிப்பட்டவருக்கு எத்தனை பாட்டில் ஏற்றுவார்கள்? தப்பாக எழுதிவிடக் கூடாதே. வெட்கத்தை விட்டு ஜெபசீலியிடமே போய்க் கேட்டேன், தெரிந்தவர் ஒருவருக்காக என்று சொல்லி.

"கால் வீங்கி, மூச்சு வாங்குற ஆளா? அவர் கத முடியணும்னா ஒரு பாட்டில் போதும்" என்றார் டாக்டர்.

அவரே விளக்கினார். "அவருக்கு நெஞ்சு பலவீனம். இறைக்கிற தெம்பு இல்ல. உடம்புல ஏற்கனவே தண்ணி தேங்கிக் கெடக்கு, அதான் கால்ல வீக்கம். அந்தத் தண்ணிய வெளிய எடுக்கணும். நீங்க மேல ஊத்துனா அது நுரையீரல்ல ஏறும். ஆள் கட்டில்லயே மூழ்கிப் போவார்."

வீடு திரும்பும்போது வழியில் ஏரியைப் பார்த்தேன். நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட தாலுகாவில், ஒரு மனிதரைக் கட்டிலில் வைத்துத் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறேன். என் பெங்களூர் டாக்டர் கொலைகாரர் ஆகிவிட்டார். கல்நெஞ்சுக்காரி சரியாகச் சொன்னவள் ஆகிவிட்டாள். பழிவாங்கல் போயிற்று. மிச்சம் இருந்தது சென்னகிருஷ்ணனும் அவர் காலும்தான்.

3

எனவே, மறுபடியும்.*

சென்னகிருஷ்ணனுக்குக் கால் வீங்கியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைப்பாகையைக் கழற்ற மறுத்துவிட்டார். ஜெபசீலி நெஞ்சுக்கு டிஜிட்டாலிஸ் மாத்திரையும், தேங்கிய நீர் பிரிய ஊசியும் கொடுத்தார். உப்பு கூடாது. தண்ணீர் அளந்துதான்.

"அளந்தா? எங்க கெணத்துல இருந்து எட்டூரு குடிக்குது. எனக்கு அளந்தா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் ஐயா."

"அது கெடக்கட்டும். பாட்டில் எப்ப?"

"பாட்டில் உங்களுக்கு ஆகாது."

அவர் மனைவி கெம்பம்மா விசிறியை நிறுத்தினார்.

"ஜவளகிரி வெங்கடப்பனுக்கு மூணு பாட்டில் ஏத்துனாங்க. ஊரக் கூட்டிச் சொல்லிகினு திரியறான். எனக்கு ஒண்ணுகூட ஆகாதா? அவனவிட நான் எதுல கொறச்சல்?"

"அவருக்குக் காலரா. உடம்புத் தண்ணியெல்லாம் வெளிய போயிடுச்சு, அதனால ஊத்துனாங்க. உங்களுக்கு உடம்பு நெறையத் தண்ணி இருக்கு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். அவனுக்கு எதுவுமே கெடையாது. எனக்கு எல்லாம் இருக்குது. அப்ப யாருக்கு ஏத்தணும்?"

சாயங்காலமானால் உறவுக்காரர்கள் வருவார்கள். வெறும் கையோடு யாரும் வரவில்லை. ஒருவர் மோர், உப்புப் போட்டது. ஒருவர் இளநீர். ஒருவர் ராகிக் கூழ், ஒருவர் கோலி சோடா. அத்தனை தூரம் நடந்து வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆளுக்கு ஒரு வாய், மரியாதைக்கு. காலையில் டாக்டர் ஊசி போட்டு இறக்கிய நீரைச் சாயங்காலம் சொந்தபந்தம் திருப்பி ஊற்றிவிட்டுப் போயிற்று. டாக்டர் கத்திப் பார்த்தார். அவர் வார்டில் இருக்கும்வரை செம்புகள் முந்தானைக்குள் இருந்தன.

வீக்கம் முழங்காலைத் தாண்டியது. பேச்சுக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது.

* மாத்திரை எத்தனை, ஊசி எவ்வளவு என்று இந்தக் கதையில் எங்கும் இருக்காது. தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஜெபசீலி அனுமதித்தது இந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான். "அளவ எழுதாதீங்க. எவனாவது படிச்சிட்டு அவன் அப்பனுக்குப் போட்டிருவான்." என் கதையை அவ்வளவு நம்பிப் படிக்க ஒருவர் இருப்பார் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

4

இங்கே கதை நின்றுவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சென்னகிருஷ்ணன் வண்டி கட்டச் சொல்லிவிட்டார். பாட்டில் ஏற்றுகிற இடத்துக்குப் போகிறார். போனால் ஏற்றுவார்கள். ஏற்றினால் —

என்னுடைய கதாநாயகரை நானே ஒரு தரம் கொன்றாயிற்று. இரண்டாம் தரம் கொல்ல எனக்குத் தெம்பில்லை. எனவே கதைக்குள் இருக்கும் ஜெபசீலிக்கு ஒரு யோசனை கொடுத்தேன். (வெளியே இருக்கும் ஜெபசீலிக்கு இதில் சம்பந்தமில்லை. அப்படி எழுதச் சொன்னதும் அவர்தான்.)

மறுநாள் காலை, வழக்கமாக இடுப்பில் போடும் ஊசியை டாக்டர் கையில் போட்டார். சென்னகிருஷ்ணன் 'ஸ்' என்றார், திருப்தியாக. ஊசி போட்ட இடத்தின் மேலேயே ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தாராளமாகக் கட்டுப் போட்டார். கட்டில் பக்கத்தில் ஸ்டாண்டு. அதில் தலைகீழாக ஒரு பாட்டில். குழாய் கட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, போர்வைக்கு அடியில் இறங்கி, கட்டிலுக்குக் கீழே ஒரு மண்சட்டியில் முடிந்தது.

பாட்டிலில் இருந்தது ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர். முதல் பிரதியில் அதற்கு ரோஜா நிறம் கொடுத்திருந்தேன். அழகுக்காக. வெளியே இருக்கும் டாக்டர் அதை அடித்துவிட்டார்.

நம்பும்படியாக இருக்கிறதா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் தொங்குகிற பாட்டிலைப் பார்க்கிறவர்கள் யாரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

சாயங்காலம் உறவினர்கள் வந்தார்கள். பாட்டிலைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.

"வெங்கடப்பனோடது இத்தினி பெருசா இருந்துச்சா?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"இல்லீங்க. அது சின்னதுதான்" என்றார் வெங்கடப்பனின் பாட்டிலைப் பார்த்தே இராத ஒருவர்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது அப்போதுதான். ஒரு அம்மாள் முந்தானையிலிருந்து மோர்ச் செம்பை எடுத்தார். கெம்பம்மா கையை நீட்டித் தடுத்தார். "வேணாம் அக்கா. அதான் பாட்டில்ல போய்கினு இருக்குதே. வாய்க்கு வேற எதுக்கு?" எல்லாரும் தலையாட்டினார்கள். மேலே அவ்வளவு கௌரவமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே மோரா? செம்புகள் வந்தபடியே திரும்பின.

ஊசி இறக்கிய நீர் இறங்கியபடியே இருந்தது. மாத்திரை நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் மத்தியானம் சென்னகிருஷ்ணன் தலையணைகளைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். மருந்து உடம்புக்குள் போயிற்று, தண்ணீர் சட்டிக்குள் போயிற்று, புகழ் பாட்டிலுக்குப் போயிற்று.

இங்கே 'சுபம்' என்று போட்டேன். போட்டு, காப்பி குடித்தேன்.

5

காப்பி குடித்திருக்கக் கூடாது. திரும்பி வருவதற்குள் சென்னகிருஷ்ணன் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்குப் போகிற நாள். வாசலில் வில்வண்டி. ஏறி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் நின்ற கரியப்பன் என்கிற ஆளிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊத்தங்கரையில எந் தம்பி நாராயணப்பன் கெடக்குறான்ல, அவனுக்கும் இதே கால் வீக்கம்தான், இதே மூச்சுதான். அங்க ஒருத்தர் பாட்டில் ஏத்துறாராம். யோசிக்காம நாளைக்கே ரெண்டா ஏத்தச் சொல்லு. அண்ணனுக்குப் பாட்டில்லதான் உசுரு வந்துச்சுன்னு சொல்லு. பஸ் வந்தா ஏறிப் போயிரு."

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தம்பியை நான் படைக்கவில்லை. பொய் சொல்லி ஒரு மனிதரைக் காப்பாற்றினால், அவருக்கு ஒரு தம்பி இருப்பான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வார்டு வாசலில் நின்ற ஜெபசீலிக்கு இது காதில் விழுந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கெம்பம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பாட்டில் —"

"சட்டிதானே?" என்றார் கெம்பம்மா, முடிச்சைப் பல்லால் இறுக்கியபடி. "தெனமும் அது நெறஞ்சா யாரு கொட்டுனாங்கன்னு நெனச்சீங்க?"

டாக்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். (நானும்தான்.)

"ஒக்காந்தே தூங்குன மனுசன் படுத்துத் தூங்குறாரு. நான் எதுக்கும்மா வாயத் தொறக்கணும்?"

"இப்பத் தொறக்கணும். தம்பிக்கு நெசமாவே ஏத்திருவாங்க. நீங்க சொல்லுங்கம்மா அவர்கிட்ட."

கெம்பம்மா மூட்டையைக் கீழே வைத்தார். "நான் சொன்னா யஜமானரு என்னிக்குக் கேட்டாரு? அவருக்கு இப்ப சாமி மாதிரி அந்தப் பாட்டிலு. அத மாட்டுனது நீங்க. எறக்குறதும் நீங்கதான் எறக்கணும். நான் கூட நிக்கறேன்."

6

முடிவுகள்.

அ) ஜெபசீலி எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறார். சென்னகிருஷ்ணன் மாத்திரைகளைச் சாலையில் வீசிவிட்டு, "தம்பிக்கு நாலா ஏத்தச் சொல்லு" என்று கத்துகிறார். அண்ணன் தம்பி இருவரும் சாகிறார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. இரண்டு சாவு இருந்தால் கதையில் ஆழம் இருப்பதாகச் சொல்வார்கள். கெம்பம்மாவின் முகத்தை நினைத்துக் கிழித்துப் போட்டேன்.

ஆ) ஜெபசீலி இன்னொரு பொய் சொல்கிறார்: "ஐயா, இந்த வகைப் பாட்டில் மூத்தவங்களுக்கு மட்டும்தான் தகும். தம்பிக்குப் போட்டா உங்க மதிப்பு என்னாகும்?" சென்னகிருஷ்ணன் மீசையைத் தடவிக்கொண்டு கரியப்பனைத் திருப்பி அழைக்கிறார். தம்பி பிழைக்கிறார். இதுதான் எனக்கு வந்ததிலேயே சாமர்த்தியமான முடிவு. வெளியே இருக்கும் ஜெபசீலியிடம் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு, "அடுத்த தடவை அவருக்கே மூச்சு வாங்கும்போது எங்க போய் என்ன கேப்பார்?" என்றார். காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளை வரச் சொன்னார்.

இ) கதாசிரியனாகிய நானே வண்டிக்கு முன்னால் தோன்றி, இருதயம், நுரையீரல், உப்பு ஆகியவற்றைப் பற்றி உரையாற்றுகிறேன். மாடுகள் உட்பட எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள்.

ஈ) இதை நான் யோசிக்கவில்லை. அவர்களாகவே நடந்தார்கள். ஜெபசீலி முன்னால், கெம்பம்மா பின்னால்.

"ஐயா, கொஞ்சம் எறங்குங்க."

"ஏம்மா? மாத்திரையெல்லாம் மடியிலதான் இருக்குது."

"உங்க பாட்டில் எங்க போச்சுன்னு காட்டணும். உங்களுக்கு மட்டும். வேற யாரும் வர வேண்டாம்."

சென்னகிருஷ்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டருக்குப் பின்னால் மனைவியைப் பார்த்தார். கெம்பம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. சுற்றி நின்ற சொந்தபந்தம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வண்டிக்காரன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி உத்தரவுக்குக் காத்திருந்தான்.

இதற்கு மேல் என் பேனாவை நான் நம்புவதாக இல்லை. அது மனிதர்களுக்கு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டீர்கள். உங்கள் வீட்டிலும் தலைப்பாகையைக் கழற்றாத ஒருவர் இருப்பார். கண்ணாடியில் பார்த்தால் சில வீடுகளில் தெரியவும் செய்வார். அவரை அந்த வண்டியில் உட்கார வையுங்கள். ஊரே பார்க்க, ஒரு பெண் கூப்பிட்டு, அவர் இறங்குவாரா?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். கரியப்பன் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டான்.