இடுப்பளவுத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் ஓடைக்குத் தனியாகப் போய்விடுவார். அப்படித் தனியாகப் போவதற்கு மனைவி கூடவே வேண்டும். மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகின் ஒரு முனையை அவள் தூக்க வேண்டும். காரின் கூரையில் ஏற்றியபிறகு எதிர்ப்பக்கம் நின்று பட்டையை இழுத்துப் பிடிக்க வேண்டும். மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இறக்கிவிட்டு, அவர் துடுப்பை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது, தன் நிழல் விழாதபடி ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். அப்புறம் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் இரண்டாவது பாலத்தடியில் போய்க் காத்திருக்க வேண்டும். “நானும் ஓடையும் மட்டும்” என்று எழுதி அவர் அந்தப் படத்தைப் போடுவார். நீயும் ஓடையும் மட்டும் என்றால் படத்தை எடுத்தது ஓடையில் இருக்கிற மீனா என்று ஒருவராவது கேட்க வேண்டுமே. கேட்டதில்லை.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். ரத்த அழுத்தம் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அதில் என்ன பெருமை என்று நினைத்தாரோ என்னவோ, கயாக் வாங்கிவிட்டார். அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட ஒரு தங்கையும் இருந்தாள். அண்ணன் இயற்கையோடு பேசுகிறவர் என்பது அவள் கட்சி. அந்த இயற்கை எது என்று மனைவிக்குத் தெரியும். ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகளின் பின்சுவர். அதில் ஏசி குழாய்கள் சொட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் கார் கழுவும் கொட்டகையும், அதை அடுத்து ஒரு டயர் கடையும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை பார்த்தாள். வில்லைகளை இயந்திரத்தில் தேய்த்து, சட்டத்துக்குப் பொருந்துகிற அளவுக்குக் கொண்டுவருகிற வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் வில்லை உட்காராது. நாளெல்லாம் அப்படி உட்கார்ந்து எழுந்தவளுக்கு, வீட்டில் அவர் அளந்துவிடுகிற கதைகளைக் கேட்கும்போது கை நமநமக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால், உனக்கு ரசனை இல்லை என்பார். அதை ஏற்கெனவே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.

ஒரு ஞாயிறு மதியம் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அவர்தான். படகில் போகும்போது ஃபோனை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அவர் வழக்கம்.

“கவுந்துடுச்சு. படகப் புடிச்சுட்டுக் கெடக்கறேன். டயர் கடைக்குப் பின்னால. சீக்கிரம் வா.”

இஸ்திரிப் பெட்டியை அணைத்தாளா இல்லையா என்று கூட நினைவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். காரில் வழி நெடுக ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவருக்கு நீச்சல் அரைகுறைதான். யாருக்கு முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்றெல்லாம் மனம் எங்கெங்கோ போய் வந்தது. உயிரோடு மட்டும் கிடைத்துவிடட்டும், இனி எத்தனை படம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். அந்தச் சத்தியத்தை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே எரிச்சலாக வரும்.

டயர் குவியல்களுக்கு நடுவே புகுந்து கரைக்கு வந்தாள். கவிழ்ந்த கயாக்கின் மேல் தாடையை வைத்து, அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார் மேலாளர். லைஃப் ஜாக்கெட் அவரைத் தூக்கிப் பிடித்திருந்தது. கால்கள் பின்னால் நீட்டி மிதந்தன. கண்ணை இறுக மூடியிருந்தார். எதிர்ப்பக்க மாடியில், தோளில் ஈரத் துணியோடு ஒரு பெண் நின்று, இரண்டு உள்ளங்கையையும் மேலே தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் இவளைப் பார்த்ததும் கத்தினாள்.

“ரொம்ப நேரமா சொல்றேங்க. காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. கால ஊனி நிக்கச் சொல்லுங்க.”

மனைவி தண்ணீரைப் பார்த்தாள். அவருக்கு ஒரு எட்டு தள்ளி, யாரோ தூக்கியெறிந்த பழைய டிராக்டர் டயர் ஒன்று செங்குத்தாக நின்றிருந்தது. பாதி வெளியே தெரிந்தது.

“எழுந்து நில்லுங்க” என்றாள்.

“கிட்ட வராத. ஆழம்.”

“நில்லுங்கன்னு சொல்றேன்.”

சுடுதண்ணீரில் விடுகிறவர்போல ஒரு காலை மெதுவாக இறக்கினார். அப்புறம் மற்றதை. நிமிர்ந்தார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. சற்று நேரம் அந்தத் தண்ணீரையே, அது வேண்டுமென்றே தன்னை ஏமாற்றிவிட்டது மாதிரி, முறைத்துக்கொண்டு நின்றார். மாடியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

“இந்த எடத்துலதான் கம்மி. அந்தப் பக்கம் ரெண்டு ஆள் ஆழம்” என்றார்.

அவள் கயாக்கைக் கரைக்கு இழுத்தாள். காரில் வரும்போது பட்ட பயத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமே தங்கை வந்துவிட்டாள். கதைக்கு அதற்குள் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்திருந்தன. அடியில் சுழல் இருந்ததாம், கால் ஒரு வேரில் சிக்கியதாம், அந்த நிலையிலும் அவர் மூச்சை எண்ணி எண்ணி விட்டாராம். மாடியிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் தனக்காகக் கையை உயர்த்திக் கடவுளை வேண்டியதைச் சொன்னபோது அவரும் கையை உயர்த்திக் காட்டினார். தங்கை அழுதேவிட்டாள். அண்ணிக்கு நெஞ்சழுத்தம், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று போகிற போக்கில் குத்திவிட்டும் போனாள். அண்ணி தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்தாள்.

அத்தோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. கதை அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே ஊழியர்களைக் குடும்பத்தோடு வரவழைத்து, ‘நெருக்கடியில் நிதானம்’ என்று அவரைப் பேச ஏற்பாடு செய்தார்கள். பயிற்சிக் கூடத்தில் முதல் வரிசையில் மனைவிக்கு நாற்காலி. அவர் பேசினார். சுழல் இப்போது இரண்டாகியிருந்தது. பேச்சின் முடிவில், எல்லாவற்றையும் நேரில் பார்த்த என் துணைவியார் இரண்டு வார்த்தை சொல்வார் என்று ஒலிவாங்கியை அவள் கையில் திணித்துவிட்டார்.

அவளுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பட்டது. நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“எழுந்து நில்லுங்கன்னு சொன்னேன். நின்னாரு. அவ்வளவுதாங்க.”

 பின்வரிசையில் யாரோ கை தட்ட, மொத்தக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. ஒரு பெரிய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை ஆழமான கருத்தை இத்தனை எளிமையாகச் சொல்ல எல்லோராலும் முடியாது என்று அவளிடமே வந்து சொன்னார். அது உண்மையிலேயே இடுப்பளவுத் தண்ணீர் ஐயா என்று அவள் விளக்க, வாழ்க்கையில் எல்லா ஆபத்தும் இடுப்பளவுதான் அம்மா என்று அவர் தலையாட்டினார். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? புத்தியுள்ளவர்கள் கூடி ஒரு கூடத்தில் முட்டாளாவதென்று தீர்மானித்துவிட்டால், ஒற்றை ஆள் குறுக்கே நிற்க முடியாது.

அடுத்த வாரமே அவர் பேச்சின் தலைப்பை ‘எழுந்து நில்’ என்று மாற்றிவிட்டார். வேறு கிளைகளிலும் கூப்பிட்டார்கள். ஒரு கல்லூரியிலும் கூப்பிட்டார்கள். ஓடைக்குப் போக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டார். நேரம் இல்லையா, தைரியம் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் கயாக் தூசி படிந்து கிடந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது, அதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவர் சிரித்தார்.

“தனியாவா? உன்னால முடியாதும்மா. அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்.”

கடையில் பெட்டி நகர்த்துகிற சக்கரப் பலகை ஒன்று சும்மா கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தாள். ஞாயிறு காலை அதில் கயாக்கைக் கட்டி, தெருவோடு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றிப் போகிற கார்ச்சாலையை விட்டுக் குறுக்கே நடந்தால் ஓடை இரண்டு தெரு தள்ளித்தான். இதற்கா இத்தனை காலம் காரும் பட்டையும் என்று வழியிலேயே ஒருமுறை நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் படகு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒருமுறை சுவரில் முட்டியது. துடுப்புத் தண்ணீர் சட்டைக் கைக்குள் வழிந்து முழங்கை வரை நனைத்தது. டயர் கடையைத் தாண்டும்போது அதே மாடிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அவரு வரலியா?”

“அவருக்கு வேல இருக்கு.”

“என்ன வேல?”

“இங்க முங்கி எழுந்தத ஊரெல்லாம் போய்ச் சொல்ற வேல.”

அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தமாதிரி இருந்தது. இவளுக்கும் சிரிப்பு வர, படகு ஆடியது.

இரண்டாவது பாலத்தோடு அவர் எப்போதும் கரையேறிவிடுவார். இவள் நிறுத்தவில்லை. பாலத்துக்கு அப்பால் வீடுகள் முடிந்து, ஓடை அகன்று, இரு புறமும் கோரைப்புல். ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவரையும் அவர் தங்கையையும் அந்த அதிகாரியையும் ஆளுக்கு ஒன்றாக மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்தபோது மிச்சம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. சும்மா இருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது சேற்றில் தட்டி நின்றது. இறங்கித் தள்ளினாள். முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பை ஓடையே வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் வந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீரோட்டத்தை எப்படிக் கணிக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறு வாரம் ஏதோ ஒரு மண்டபத்தில் அவருக்குப் பேச்சு. ஞாயிறு காலை, கார் ஓட்ட நீ வந்தால் நான் வழியில் குறிப்புகளைப் பார்த்துக்கொள்வேன் என்றார்.

“ஞாயித்துக்கெழம எனக்கு ஆகாதுங்க. டாக்சி கூப்ட்டுக்கோங்க.”

 அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, எப்படி எழுந்து நிற்பது என்று ஜனங்களுக்குச் சொல்லித்தர வாசலில் போய் டாக்சிக்குக் காத்து நின்றார். அவள் கயாக்கை இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.